அங்கதப் பாடலின் ஆயுள்: மலையக மரபை முன்வைத்து

அரசியலை எள்ளிப் பாடும் பாடல், எள்ளப்பட்டவனோடு மறைந்துபோதல் இயல்பு. பதவியிழந்தவனை ஏசுவதில் சுவை ஏது? ஆயினும் பெரிய கங்காணியும் வெள்ளைத்துரையும் மறைந்த பின்னரும், அவர்களை நகையாடிய மலையகப் பாடல்கள் கேட்போரைச் சிரிக்க வைக்கின்றன. இதன் காரணம் ஆராயத்தக்கது.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்தும். வெளிப்படையாக வசை கூறுவது முன்னது; பழியை உள்ளே மறைத்து உரைப்பது பின்னது. மலையகத்தில் இவ்விரு வகையும் வெவ்வேறு சூழலிற் பிறந்தன.

தோட்டத்து வாய்மொழிப் பாடல்கள் பெரிதும் கரந்த அங்கதத்தின் பாற்படுவன. துரை அறிந்த தமிழ் கட்டளையிடும் அளவினது. கங்காணியோ பாடுவோரின் மொழியையே பேசியவன். கடன் கணக்கு அவன் கையில் இருந்தது. கடன் தீர்ந்ததெனத் ‘துண்டு’ பெறாது தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாத நிலை 1921இலேயே சட்டத்தால் நீங்கியது. அத்தகையவன் செவியில் விழும்படி பாடவேண்டியிருந்தமையால், வசை தாலாட்டிலும் கும்மியிலும் தெம்மாங்கிலும் ஒளிந்துகொண்டது. அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை மீதான சினம் வேடிக்கையாக உருமாறியது.

கும்மி மெட்டு மட்டுமே ஒரு படைப்பை மக்கள் பாடலாக்கிவிடாது. ஆபிரகாம் ஜோசப் 1869இல் வெளியிட்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அதே மெட்டில் அமைந்ததே. ஆயினும் அது மேற்பார்வையாளனின் கண்கொண்டு தோட்டத்தைப் பார்க்கிறது. இன்று அதனை நாடுவோர் வரலாற்றாய்வாளரே. கீழிருந்து மேல்நோக்கி எழும் எள்ளலே ஊர்வாயில் நிலைக்கும் என்பதற்கு இவ்வேறுபாடு தக்க சான்றாகும்.

செம்பொருள் அங்கதம் தொழிற்சங்கத்தோடு வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனை மையமாகக் கொண்டு சங்கம் அமைத்த காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடி மக்களைத் திரட்டினார். இந்தியத் தொழிலாளரை அரசாங்கம் 1939இல் வேலைநீக்கம் செய்ததை அடுத்து, 1940இல் வெளிவந்த அவரது பாடல் நூல் ஆட்சியாளரை நேர்நின்று சாடிற்று. மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளில் அவர் பாடல்கள் அமைந்தமையால் எழுத்தறிவு தடையாகவில்லை. ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கலைவாணர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபமும் பழகிய வடிவத்திற் புதுப்பொருளை ஏற்றியே நகை விளைத்தது. எனினும் நிகழ்ச்சியோடு இறுகப் பிணைந்த பாடலுக்கு இன்று உரை வேண்டியுள்ளது. வாய்மொழிப் பாடலுக்கு அது வேண்டுவதில்லை.

ஏன்? வாய்மொழிப் பாடல் ஆளைத் தாக்குவதிலும் ஆசனத்தையே மிகுதியும் தாக்கியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. துரையின் நிறமும் பெயரும் மாறின. பிரட்டுக்களமும் கொழுந்துத் தராசும் மாறவில்லை. தராசு உள்ளவரை அதனை நம்பாதவளின் பாட்டும் உயிரோடிருக்கும்.

இச்சிரிப்பு வெறும் வடிகாலே, பாடியவள் மறுநாளும் பிரட்டுக்குச் சென்றாள் அன்றோ என வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பாட்டு தனித்து நின்று எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. ஆயினும் ஒருங்கு சிரித்தவர், தம் மனத்துள்ளதே அயலாரின் மனத்தும் உள்ளதென அறிந்தனர். சங்கம் வருமுன்னர் அவ்வறிவை அளித்தது பாட்டே.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றோராக்கியதைக் கண்டவர். அவரே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) தொகுத்தமை தற்செயலன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வநீதியைப் பெரிதும் களைந்தது. ஆயின் அதற்குள் பாடியோர் பலர் கடல் கடந்துவிட்டனர். கண்டிப் பகுதியின் தோட்டங்கள் பல 1970களிற் சிதைவுற்று, குடும்பங்கள் லயங்களை விட்டகன்றன. குருநாகல் வீதியிலுள்ள கலகெதர போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் எஞ்சியுள்ள முதியோரின் நினைவு இன்னும் முற்றாகத் திரட்டப்படவில்லை. அச்சேறிய பாடலில் சொல் உண்டு. மெட்டும், பாடுகையிற் கண்ணோடிய திசையும் இல்லை. கரந்த அங்கதத்தின் பாதிப்பொருள் அக்கண்ணிலே இருந்தது. பாடுவோர் உள்ளபோதே கேட்டுப் பதிவது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.