செல்லப்பா முகம் பளிச்சென்று தெரியவேண்டும்

தமிழில் வந்த சிரிப்புப் படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் கொடுத்துவிடு என்று யாராவது கேட்டால் நான் ஒரு நொடிகூட யோசிக்கமாட்டேன். ‘காதலிக்க நேரமில்லை’தான்! அந்தப் படத்தை மூல நெகடிவிலிருந்து எடுத்து, கீறல் நீக்கி, போன நிறத்தை மீட்டு, வீட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி நல்லதொரு டிஸ்க்காக வெளியிடமாட்டார்களா என்று இலங்கையின் கலவானயில் நாங்கள் ஒரு கூட்டமே காத்துக்கிடக்கிறோம். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர் இருக்கிறார், தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர் இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருக்கிறார், டவுனில் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பரும் இருக்கிறார். சந்தித்தால் வேறு பேச்சே கிடையாது. படம் எப்போது சுத்தமாக வரும், வந்தால் முதலில் எந்தக் காட்சியைப் போட்டுப் பார்ப்பது என்பதுதான் பேச்சு.

1964 பெப்ரவரி 27இல் வந்த படம் இது. சித்ராலயா தயாரிப்பு, ஸ்ரீதர் இயக்கம், செங்கல்பட்டுப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸ்ரீதருக்குத் தோழரான கோபு வசனத்தில் கூட்டாளி, ஏ. வின்சென்ட் கேமரா. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. பாலையா, நாகேஷ், முத்துராமன், ராஜஸ்ரீ, சச்சு ஆகியோரோடு இரண்டு புதுமுகங்கள்: மலேசியாவில் பிறந்த ரவிச்சந்திரன், விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்த காஞ்சனா. சமூகக் கதை என்றால் கறுப்பு வெள்ளை என்றிருந்த காலத்தில் ஒரு காதல் சிரிப்புப் படத்தை முழுக்க முழுக்க ஈஸ்ட்மென் கலரில் எடுத்த துணிச்சலுக்கே ஸ்ரீதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் தோட்டத்து ஆட்களாகிய எங்களுக்கு இந்தப் படம் இவ்வளவு நெருக்கமானதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. பாலையா செய்யும் விஸ்வநாதன் யார்? ஓர் எஸ்டேட் முதலாளி! ரவிச்சந்திரன் யார்? அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்து, முதலாளியின் மகள்மாரோடு உரசியதற்காக ஒரே நாளில் வேலை பறிபோன இளைஞன். அவன் என்ன செய்கிறான்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, ஆட்டமும் பாட்டமுமாக வேலை கேட்கிறான். துரை பங்களாப் பக்கம் போவதென்றால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற தலைமுறை எங்கள் தாத்தாமாருடையது. அவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தபோது எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அது சென்னைத் தியேட்டர் எதிலும் கேட்டிருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் வராத உற்சாகம் அந்த ஒரே பாட்டில் வந்தது. நகைச்சுவைப் படம் என்று இதை ஒரு சொல்லில் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தது வீடியோ டெக்கில். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கரன்ட் வராத காலம். தீபாவளிக்கோ அம்மன் கோயில் திருவிழாவுக்கோ எல்லோரிடமும் காசு சேர்த்து, டவுனிலிருந்து டீவி, டெக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் மேசை போட்டு வைப்பார்கள். படுதா, சாக்கு, பாய் என்று எது கிடைக்கிறதோ அதை விரித்துக்கொண்டு பச்சைப்பிள்ளைகளோடு பெண்கள் முன்னால் உட்காருவார்கள். முதலில் ஒரு சாமிப் படம், பிறகு எம்.ஜி.ஆரோ சிவாஜியோ, விடியப்போகும் நேரத்தில் ‘காதலிக்க நேரமில்லை’. கண் செருகும் அந்த நேரத்திலும் ஒருவர்கூட எழுந்து போகமாட்டார்கள். காரணம், கதை சொல்லும் காட்சி!

அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நாகேஷ் அதில் செல்லப்பா. சினிமாப் பைத்தியம். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பனி தொடங்கி, அப்பாவின் பணத்தில் படம் எடுக்கத் துடிக்கிறவன். எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை அப்பா பாலையாவிடம் சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி. பேய் கிடையாது, இருட்டு மாளிகை கிடையாது, மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. ஒரு மகன், ஓர் அப்பா, ஓர் அறை. நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்புகிறார், குரலைத் தாழ்த்துகிறார், திடீரென்று உயர்த்துகிறார், கேமரா போகும் வழியைக் கையாலேயே காட்டுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திகில் ஏறுகிறது. முதலில் ‘இவன் என்னடா’ என்ற அலட்சியம். பிறகு ஒரு சின்ன ஆர்வம். பிறகு கழுத்து மெல்லச் சாய்கிறது, கண் அகலமாகிறது, உதடு ஒரு பக்கம் இழுக்கிறது. அவ்வளவு பெரிய பணக்காரர், மகன் போடும் சத்தத்துக்குப் பச்சைப்பிள்ளை போல் நடுங்குகிறார். கதை சொல்கிறவனை விடக் கேட்கிறவர்தான் அந்தக் காட்சியின் நாயகன் என்பது என் தீர்மானமான கட்சி. நாகேஷ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்! இதே படத்தை ஸ்ரீதரே இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று 1966இல் எடுத்தார். அதில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதே காட்சியைச் செய்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் பாலையாவின் கண்கள் அங்கே இல்லை.

இப்போது நாங்கள் ஏன் இப்படித் தவிக்கிறோம் என்று புரியும். அந்தக் காட்சியின் உயிர் முழுவதும் ஒரு முகத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த பிரதிகளிலோ அந்த முகம் ஒரு சிவப்பு மங்கல்!

ஈஸ்ட்மென் கலரின் கோளாறு அது. வண்ணப் பிலிமில் மூன்று சாயப் படலங்கள் உண்டு. அந்தக் காலத்துத் தியேட்டர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். அது போனால் படம் முழுக்க ஒரு செம்மை படர்ந்துவிடும். ஆழியாறு அணைப்பக்கம் வின்சென்ட் எடுத்த பச்சை மலையும் நீல வானமும் எங்கள் டீவியில் செங்கல் நிறத்தில் வந்தது அதனால்தான். அதற்கு மேல், டெக்குக்குப் பிறகு வந்த விசிடி. அதில் ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள், ஆக மொத்தம் ஒரு லட்சம் சொச்சம். 4கே என்றால் 82 லட்சத்துக்கும் மேல். பாலையாவின் கண்ணிமை துடிப்பது அந்த ஒரு லட்சத்துக்குள் எங்கே தெரியப்போகிறது?

கலவான மழையும் தன் பங்குக்குச் செய்தது. சிங்கராஜக் காட்டின் ஓரத்து ஊர் இது. இரண்டு பருவ மழையும் எங்களை விடுவதில்லை. என்னிடம் இருந்த வீடியோ கெசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரும்பழுப்பு நாடாவின் ஓரம் நெடுக வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். அதை டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், திரையில் பொரி பறக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். 2017 மே வெள்ளத்தில் டவுன் நண்பரின் வீட்டிலிருந்த சிடிக் கட்டும் சேற்றோடு போனது. மற்றப் படங்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு படத்துக்காகத்தான் அவர் அன்று புலம்பினார். அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் கதை சொல்லும் காட்சி வந்துவிட்டால் எங்களுக்கு முன்னாலேயே சிரிப்பார்.

பாட்டுகளுக்கு மட்டும் அந்தக் குறை இல்லை. இலங்கை வானொலி அவற்றை அழியவிடவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்களுக்கும் வரிசை தவறாமல் பாட வரும். முத்துராமன் கிழவர் வேடம் போட்டு ஆடும் பாட்டுக்கு யார் குரல் தெரியுமா? சீர்காழி கோவிந்தராஜன்! கோயில் திருவிழாவில் முருகன் பாட்டாகக் கேட்ட அதே வெண்கலக் குரல் குறும்பும் துள்ளலுமாக வரும்போது உடம்பு புல்லரிக்கும். அப்போதுதான் தமிழுக்கு வந்திருந்த ஜேசுதாஸின் இளங்குரலும் படத்தில் உண்டு.

அக்கா மகன் கேட்டான்: “மாமா, இந்தப் படம் போன்லயே இருக்குதானே? எதுக்கு டிஸ்க் டிஸ்க்குன்னு நிக்கிறீங்க?” நான் அவனை உட்காரவைத்துப் போனிலேயே போட்டுக் காட்டினேன். மூலையில் ஏதோ ஒரு சானலின் முத்திரை. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில் நாகேஷின் தலை பாதி இல்லை. நடுவில் ஒரு துண்டே காணோம். பிறகு ‘கர்ணன்’ படத்தின் சுத்தம் செய்யப்பட்ட பிரதியைப் போட்டேன். அந்தப் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தான். “ரெண்டும் ஒரே வருசத்துப் படமா மாமா?” ஆமாம் ராசா, ஒரே வருசம்.

இதுதான் எங்கள் நம்பிக்கைக்கு ஆதாரமும். ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்தது, ‘காதலிக்க நேரமில்லை’ ஆறே வாரம் கழித்து. இரண்டுமே வண்ணப் படம், இரண்டுக்கும் ஒரே இசையமைப்பாளர்கள், இரண்டிலும் முத்துராமன். கர்ணனை டிஜிட்டலில் மீட்டு 2012 மார்ச்சில் வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதே 2012 நவம்பரில் குந்தன் ஷாவின் இந்திச் சிரிப்புப் படம் ‘ஜானே பி தோ யாரோ’ மீட்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தது. சாப்ளினின் ‘கோல்ட் ரஷ்’ நூறு வயதில், 2025இல், 4கேயில் புதுப்பொலிவோடு கான் விழாவில் காட்டப்பட்டது. அதே விழாவில் எங்கள் நாட்டு சுமித்ரா பீரிஸின் 1978ஆம் ஆண்டுப் படம் ‘கெஹெனு லமாய்’யும் மீட்கப்பட்ட பிரதியாகத் திரையேறியது. அழுகைப் படத்துக்கும் புராணப் படத்துக்கும் கிடைக்கும் மரியாதை, நம்மை அறுபது வருடமாகச் சிரிக்கவைத்த படத்துக்கும் கிடைக்கவேண்டாமா?

தாமதித்தால் என்ன ஆகும் என்று இலங்கையில் இருக்கிற எங்களுக்கு நன்றாகவே தெரியும். 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எத்தனையோ படங்களின் நெகடிவ் சாம்பலாயிற்று. நெருப்பு வைக்கத் தேவையில்லை. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பிலிம் தானாகவே காடி வாசனை அடித்துச் சுருங்கிப் போகும். மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் எல்லோரும் கலக்கிய நம்முடைய ‘கோமாளிகள்’ (1976) படத்துக்கும் இதே ஆசைதான் எனக்கு. வானொலி நாடகமாகக் கேட்டுக் குலுங்கிச் சிரித்த அந்தக் கூட்டத்தைத் தெளிந்த திரையில் பார்க்கும் நாளும் வரவேண்டும்.

ஸ்ரீதர் 2008இலும் நாகேஷ் 2009இலும் போய்விட்டார்கள். பாலையா 1972லேயே போய்விட்டார். அவர்கள் செய்துவைத்த வேலை மட்டும்தான் மிச்சம். ஆகவே அந்த நெகடிவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் யாராக இருந்தாலும், கலவானயிலிருந்து ஒரு கோரிக்கை. தயவுசெய்து இருக்கிற நல்ல மூலப் பிரதியிலிருந்து 4கேயில் எடுங்கள். எடுத்த சட்டகத்தை அப்படியே விடுங்கள், அகலத் திரைக்காக யார் தலையையும் வெட்டாதீர்கள். சுத்தம் செய்கிறோம் என்று முகங்களை மெழுகுப் பொம்மையாக்கிவிடாதீர்கள், பிலிமின் மணல்மணலான தன்மை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்த்த இசைக்கு மேல் புதிதாக ஒரு தட்டுத் தாளமும் வேண்டாம். முடிந்தால் சிங்களத்தில் வசன வரிகள் போடுங்கள். எங்கள் டவுன் நண்பரைப் போல் ஆயிரம் பேர் இந்த நாட்டில் சிரிக்கக் காத்திருக்கிறார்கள். வெளியிடும் அன்றே வாங்க நாங்கள் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டோம். சீக்கிரம் கொண்டுவாருங்கள்!