ஹாமெட்: மனசுக்குள் எட்டிப் பார்க்காத எழுத்து

ஷெர்லாக் ஹோம்ஸ் படித்து வளர்ந்தவன் நான். துப்பறிகிறவர் தான் யோசித்ததைக் கடைசியில் விளக்கியே ஆகணும் என்பது என் எதிர்பார்ப்பு. அதனால் டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1930) முதல் வாசிப்பில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நடு ராத்திரியில் ஃபோன் வருகிறது. சாம் ஸ்பேடின் கூட்டாளி கொல்லப்பட்டுவிட்டான். ஸ்பேட் என்ன நினைத்தான்? தெரியாது. ஒரு சிகரெட் சுருட்டுகிறான். விரல்கள் செய்வது ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. துக்கமா, அலட்சியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. நாவல் முழுக்க இப்படித்தான்.

தினமும் லாக் ஃபைல்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது: இதுவும் அதே ஜாதி. என்ன நடந்தது என்று மட்டும் இருக்கும். ஏன் நடந்தது என்பதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஹாமெட் 1894-ல் மேரிலாண்டில் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். 1915-ல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆளைப் பின்தொடர்வது, பார்த்ததை அறிக்கையாக எழுதித் தருவது எல்லாம் அங்கே படித்த பாடம். முதல் உலகப்போரில் ராணுவ ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தபோது காசநோய் பிடித்தது. உடம்பு ஒத்துழைக்காததால் துப்பறியும் வேலையை விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு விலைப் பத்திரிகைக்குக் கதை எழுத ஆரம்பித்தார். 1929 முதல் 1934 வரை ஐந்து நாவல்கள். அவ்வளவுதான்.

ரேமண்ட் சாண்ட்லர் 1944-ல் எழுதிய கட்டுரையில் ஹாமெட்டை வெகுவாகப் பாராட்டினார். ஜான் ஹூஸ்டன் 1941-ல் ஃபால்கனைப் படமாக்கியபோது நாவலின் உரையாடல்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார். அதில் ஆச்சரியமில்லை. கேமராவாலும் மனசுக்குள் போக முடியாதே!

ஆனால் பின்னால் வந்தவர்கள் ஹாமெட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது தொப்பி, விஸ்கி, நக்கல் பேச்சு. சாண்ட்லரின் மார்லோகூட தன் மனசில் ஓடுவதை எல்லாம் அழகான உவமைகளோடு நம்மிடம் கொட்டிவிடுகிறான். படிக்கச் சுகம்தான். ஆனால் அந்த ஈரமில்லாத அறிக்கை நடை அங்கேயே காணாமல் போய்விட்டது. ஹாமெட்டின் செல்வாக்கு பெரிது என்கிறார்கள். என்னைக் கேட்டால், அவருடைய முக்கியமான விஷயத்தைத் தொடர்ந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அதற்கு ஒரு விலையும் உண்டு. 1934-க்குப் பிறகு, 1961-ல் இறக்கும்வரை ஹாமெட் இன்னொரு நாவலை முடிக்கவே இல்லை. குடி, நோய், அரசியல் என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். கூடவே என் ஊகம் ஒன்று: கடைசிக் காலத்தில் 'டூலிப்' என்று தன்னைப் பற்றியே எழுதப் பார்த்தார். பாதியில் நின்றுபோனது. அடுத்தவர் மனசுக்குள் நுழையாமல் எழுதியே பழகியவருக்குத் தன் மனசைத் திறக்க மொழி கைகொடுக்கவில்லையோ?

1951-ல் நீதிமன்றத்தில், ஒரு பிணை நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். ஹாமெட் சொல்லவில்லை. ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். நாவலில் உத்தியாக இருந்த மௌனம் அங்கே நேர்மையானது. அதே மௌனம்தான் எழுத்து மேஜையில் அவரை முடக்கிப் போட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் ஃபால்கனிலிருந்தே தொடங்கலாம். அந்த சிகரெட் பத்தியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போயிடாதீங்க.