22 சென்ட் வாஷர்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் கவாசாகி கே.எல்.ஆர். 650 மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரிடையே ஒரு செய்முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதன் பெயர் ‘22 சென்ட் மாற்றம்’. கார்புரேட்டரைத் திறந்து, ஊசியின் அடியில் இரண்டு சிறிய வாஷர்களை வைத்து, அதைச் சற்று உயர்த்த வேண்டும். ஸ்லைடில் உள்ள சிறு துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்க வேண்டும். வாஷர்களின் விலைதான் 22 சென்ட். இதனுடன் காற்றுப் பெட்டியில் துளையிடுவதும், சைலன்சரை மாற்றுவதும், பெரிய ஜெட் பொருத்துவதும் பலரிடம் வழக்கமாகிவிட்டன.

651 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுடன், சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் இவ்வண்டி, 1987 முதல் 2018 வரை கார்புரேட்டருடன் விற்பனையானது. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆகவே இச்செய்முறை பழங்கதை அன்று. இதனை ஓர் ஆய்வுக்கூடச் சோதனையாகக் கருதி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூறப்படும் காரணம்

செய்முறைக்குச் சொல்லப்படும் காரணம் எளியது. காற்றுப் பெட்டியைத் திறந்தால் காற்று அதிகம் வரும். பெட்ரோலோ பழைய அளவிலேயே வரும். ஆகவே கலவையில் பெட்ரோல் குறையும். அதை ஈடுசெய்ய ஊசியை உயர்த்த வேண்டும். கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் இது தவறு.

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. 1738-இல் பெர்னூலி வெளியிட்ட நூலில் தொடங்கிய கொள்கை இது. அந்த அழுத்தக் குறைவே பெட்ரோலை ஜெட் வழியே மேலே இழுக்கிறது. காற்றின் ஓட்டம் அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பெட்ரோலின் ஓட்டமும் அவ்வாறே. ஆகவே காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூடும். கார்புரேட்டர் என்னும் கருவி பயன்படுவதே இந்தப் பண்பினால்தான். காற்று கூடும்போது பெட்ரோல் கூடாது என்றால், ஆக்சிலரேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் நின்றுவிட வேண்டும் அல்லவா?

உண்மைக் காரணம்

ஆயினும் காற்றுப் பெட்டியைத் திறந்தபின் கலவை மெலிவது உண்மைதான். எப்படி?

பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் ஒரு சிறு குழாய் வழியே வெளிக்காற்றுடன் தொடர்புடையது. அங்கே இருப்பது முழு வளிமண்டல அழுத்தம். ஆனால் கார்புரேட்டரின் வாயில் அவ்வளவு அழுத்தம் இல்லை. வடிகட்டியும் காற்றுப் பெட்டியும் கொடுக்கும் தடையால் அது சற்றுக் குறைந்துள்ளது. ஆக, பெட்ரோலை இழுப்பது கழுத்தின் அழுத்தக் குறைவு மட்டுமன்று. பெட்டியின் அழுத்தக் குறைவும் அதனுடன் சேர்கிறது.

கணக்குக்காகக் கழுத்தின் பங்கு 30 அலகு, பெட்டியின் பங்கு 6 அலகு எனக் கொள்வோம். மொத்தம் 36, அதன் வர்க்கமூலம் 6. பெட்டியில் துளையிட்டபின் அதன் பங்கு 2 ஆகக் குறைந்தால் மொத்தம் 32, வர்க்கமூலம் 5.66. அதே அளவு காற்றுக்குக் கிடைக்கும் பெட்ரோல் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது. 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 13 பங்கு காற்று என்றிருந்த கலவை 13.8 பங்காக மெலிகிறது. முழுமையாக எரிவதற்கு வேண்டிய காற்று சுமார் 14.7 பங்கு, மிகுந்த திறன் கிடைப்பது 12.5 முதல் 13 பங்கு வரை.

இவ்விரு காரணங்களில் எது சரி என்பது வெறும் சொற்போர் அன்று. எந்தத் திருகைத் தொட வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. பெட்டியின் தடை காற்றோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். ஓட்டம் பாதியானால் தடை கால்பங்காகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 6 என்பது 1.5 ஆகும், 2 என்பது 0.5 ஆகும். ஆனால் இவ்வண்டியில் உள்ள கெய்ஹின் சி.வி.கே. 40 கார்புரேட்டரில், ஸ்லைடு தானே ஏறி இறங்கிக் கழுத்தின் அழுத்தக் குறைவை ஏறக்குறைய மாறாமல் காக்கிறது. அதை 30 என்றே வைத்துக்கொண்டால், நடு வேகத்தில் மொத்தம் 31.5-லிருந்து 30.5 ஆகிறது. கலவை மெலிவது 2 விழுக்காட்டிற்கும் குறைவே.

எனவே பெட்டியில் இட்ட துளையின் விளைவு பெரிதும் முழு வேகத்தில்தான் தெரியும். அங்கே பெட்ரோலை அளந்து கொடுப்பது மெயின் ஜெட். ஊசியோ நடு வேகத்திற்கு உரியது. வாஷரால் துளையை ஈடுசெய்ய முயல்வது, வலது காலில் முள் தைத்தவன் இடது காலுக்கு மருந்திடுவது போன்றது.

வாஷரின் தகுதி

அப்படியானால் வாஷர் வைத்தவர்களெல்லாம் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்வது பொய்யா? இல்லை. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப, இவ்வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நடு வேகத்தில் மெலிந்த கலவையுடன் வருகிறது. ஊசியை உயர்த்தினால் அக்குறை நீங்கும். பெட்டியில் துளையிடாத வண்டிக்கும் இது பொருந்தும். செலவு அற்பம், பிடிக்காவிட்டால் வாஷர்களை எடுத்துவிடலாம். இவை பாராட்டத்தக்க பண்புகள்.

ஸ்லைடில் துரப்பணம் செய்வதைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. வாஷர், துரப்பணம், பெட்டித் துளை, சைலன்சர், ஜெட் ஆகிய ஐந்தையும் ஒரே பிற்பகலில் மாற்றிவிட்டு, ‘வண்டி பறக்கிறது’ என்றால், எதனால் பறக்கிறது? ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்பது பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கற்பிக்கப்படும் பாடம்.

எண்களில் மயக்கம்

கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது. 145 என்றால் 1.45 மில்லிமீட்டர். பெட்ரோல் ஓட்டமோ பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கம். 145-க்குப் பதில் 150 பொருத்தினால் விட்டம் 3.4 விழுக்காடுதான் கூடும். பெட்ரோல் 7 விழுக்காடு கூடும். நாம் கண்ட 6 விழுக்காட்டுக் குறையை ஈடுசெய்ய இதுவே மிகை.

ஒருவருக்குப் பொருந்திய எண் மற்றவருக்குப் பொருந்தும் என்பதும் பிழை. கடல் மட்டத்திலிருந்து 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 74 விழுக்காடாகக் குறைகிறது. கலவை விகிதம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததால், பெட்ரோல் சுமார் 16 விழுக்காடு மிகும். கலிபோர்னியக் கடற்கரையில் சரியாக இருந்த 13 பங்கு, கொலராடோ மலைகளில் 11.2 பங்காகிவிடும். எஞ்சின் திணறும்; கரும்புகை வரும்.

சைலன்சரும் காதும்

சைலன்சரை மட்டும் மாற்றினால், மேற்கண்ட கணக்குப்படி கலவை பெரிதாக மாற வேண்டியதில்லை. காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே கூடும். ஆனால் வெளியேறும் சூடான வாயுவில் அழுத்த அலைகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் சென்று, குழாய் முனையில் எதிரொலித்துத் திரும்புகின்றன. சில சுழற்சி வேகங்களில் அவை புதுக் காற்றை இழுக்க உதவும். சிலவற்றில் காற்றைக் கார்புரேட்டர் வழியே பின்னுக்குத் தள்ளும். பின்னே சென்று மீண்டும் வரும் காற்று, ஒவ்வொரு முறையும் பெட்ரோலை எடுத்துக்கொள்ளும். எனவே எல்லா வேகங்களுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது.

இங்கே காதும் நம்மை ஏமாற்றுகிறது. ஒலி 10 டெசிபெல் உயர்ந்தால் அதன் செறிவு பத்து மடங்கு. பெரிய ஓசையைப் பெரிய திறன் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பிளக்கின் நிறமும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அது பெரும்பாலும் கடைசியாக ஓடிய நிலையையே காட்டும். வீட்டுக்கு மெதுவாக வந்து சேர்ந்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முழு வேகத்தைப் பற்றி என்ன தெரியும்?

இதைவிட எளிய அளவீடு உண்டு. ஆக்சிலரேட்டர் பிடியில் கால், அரை, முக்கால் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்து இல்லாத சமதளப் பாதையில், ஒரே கியரில், மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90 வரை செல்ல ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க வேண்டும். காற்றின் திசை ஏமாற்றாதிருக்க, எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி காண வேண்டும். ஒரு மாற்றம், ஓர் அளவீடு. பிறகே அடுத்த மாற்றம்.

விலை 22 சென்ட்தானா?

இச்செய்முறையைப் பரப்புவோர் விலையில் சேர்க்காதவை சில உண்டு. மெலிந்த கலவையில் முழு வேகத்தில் ஓடும் எஞ்சின் மிகையாகச் சூடாகும், பிஸ்டன் பழுதாகலாம். பெட்ரோல் மிகுந்தால் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்படும். நச்சான கார்பன் மோனாக்சைடு பெருகும். பெட்டியின் துளை வழியே சேறும் நீரும் வடிகட்டியை எளிதில் அடையும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் குலைப்பதைத் தடை செய்கிறது. அந்நாட்டு அரசுக் காடுகளில் செல்லும் வண்டிகளின் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஓசைக்காக அதைக் கழற்றி எறிந்தவர், காய்ந்த புல்வெளியில் ஒரு பொறியால் எரியக்கூடிய காட்டின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிவாக, வாஷருக்குத் தேர்ச்சி மதிப்பெண் கொடுக்கலாம். துரப்பணத்திற்குக் கொடுப்பதற்கில்லை. காற்றுப் பெட்டியைத் திறப்பவர் மெயின் ஜெட்டை அளந்து மாற்ற வேண்டும். அவர்கள் கூறும் விளக்கமோ முற்றிலும் திருத்தி எழுதப்பட வேண்டியது. பயன் தந்த ஒரு செய்முறைக்குத் தவறான விளக்கம் இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று மாணவர்கள் கேட்கலாம். செய்முறை அந்த ஒரு வண்டிக்கு, அந்த ஓர் ஊருக்கு உதவும். அடுத்த வண்டியிலும் அடுத்த மலையிலும் கைகொடுப்பது சரியான விளக்கம் மட்டுமே.