ஷியோக்: ஒரு புகழ்ச் சொல்லின் இலக்கணம்

நண்பகல் வெயிலில் தேக்கா உணவங்காடிக்குள் நுழைந்த ஒருவர், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் போட்ட தேநீரில் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையை மேசைமீது வைக்கும்போது சொல்லும் 'ஷியோக்!' என்ற ஒற்றைச் சொல்லில், நாவின் ருசியும் தேகத்தின் இளைப்பாறலும் மனத்தின் திருப்தியும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற பேதமின்றிச் சிங்கப்பூரில் வழங்கும் இச்சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2016ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

இது மலாய் வழியாக வந்தது என்பர். வேட்கையைக் குறிக்கும் 'ஷவ்க்' என்னும் அரபுச் சொல்லே இதற்கு மூலம் என்று கருதுவோரும் உண்டு. அவ்வரபுச் சொல்தான் பாரசீகம், உருது வழியே தமிழகத்தை அடைந்து 'ஷோக்கு' ஆயிற்று; சென்னைத் தெருக்களில் 'சோக்கா இருக்கு' என்று கேட்ட செவிக்கு, சிராங்கூன் சாலையின் ஷியோக் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

என் சிந்தையைப் பெரிதும் ஈர்த்தது இதன் இலக்கணமே. ஆங்கில மரபுப்படி எழுவாய்க்கும் பண்புச்சொல்லுக்கும் இடையே 'இஸ்' என்னும் இணைப்பு வினை நிற்க வேண்டும். சிங்கப்பூர்ப் பேச்சிலோ, சீன, மலாய் வழக்குகளின் செல்வாக்கினால், 'திஸ் லக்சா ஷியோக்' என்பதோடு வாக்கியம் பூர்த்தியாகிவிடுகிறது. 'இப்பழம் இனிது' என்னுமிடத்து 'இனிது' என்பது பண்பையும் உணர்த்தி, காலத்தைக் குறிப்பாகவே கொண்டு, தானே பயனிலையாக நிற்பதைக் குறிப்பு வினைமுற்று என்று வகுத்த நம் இலக்கணிகளுக்கு, இவ்வாக்கியத்தில் பிழை காண ஏதுமில்லை.

பொருளிலும் ஒரு வரம்பு உண்டு. உணவு, குளிர்ந்த காற்று, வெயிலுக்குப் பின் குளியல் ஆகிய அனுபவங்களையே இது புகழும். ஒருவருடைய நேர்மையையோ கல்வியையோ புகழ இதை யாரும் எடுப்பதில்லை. 'ஷியோக் சென்டிரி' என்ற மலாய்த் தொடரிலோ, தன்னைத் தானே மெச்சித் தனியே மகிழ்வோனைச் சுட்டும் கண்டனமாகவே மாறிவிடுகிறது.

நல்ல ஆங்கிலம் பேசுவதற்கான இயக்கத்தை அரசாங்கம் 2000ஆம் ஆண்டு தொடங்கியதில் நியாயம் உண்டு. அலுவலகக் கடிதத்துக்கும் பள்ளித் தேர்வுக்கும் பொது ஆங்கிலமே உரியது. ஆயினும், இடமறிந்து வழங்கும் ஒரு சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவது நேர்மையான ஆராய்ச்சி ஆகாது.

தமிழர் நாவில் இது 'ஆக' என்னும் விகுதியை ஏற்று, 'பிரியாணி ஷியோக்கா இருக்கு' என்று நம் இலக்கணத்துக்கு அடங்கி நடக்கிறது. 'சூப்பர் படம்' என்பதுபோல் பெயருக்கு முன் வெறுமனே நிற்க இன்னும் பழகவில்லை. சிங்கப்பூர்த் தமிழுக்கு அகராதி தொகுக்க முன்வருவோர், ஷியோக் என்ற சொல்லை, 'பிரியாணி ஷியோக்கா இருக்கு' என்ற உதாரணத்தோடு, வெட்கப்படாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.