30 கிராம் மிக்சர்

ஆறு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அதன் முதுகைத் திருப்பிப் படித்தேன். ‘பரிமாறும் அளவு 30 கிராம்’ என்றிருந்தது. சமையல் மேடையில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த டிஜிட்டல் தராசில் கிண்ணத்தை வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, 30 வரும்வரை கொட்டினேன். கிண்ணத்தின் அடி மறைந்தது, அவ்வளவுதான். அப்பாவிடம் நீட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கா, சாமிக்கா?” என்றார். வழக்கமாகப் போட்டுக்கொள்வதை அவரையே போடச் சொல்லி நிறுத்தேன். 85 கிராம்.

அந்தப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 560 கலோரி. லேபிள் சொல்லும் 30 கிராமுக்கு 168. நாளொன்றுக்கான 2000 கலோரியில் 8 சதவீதம். அப்பாவின் கிண்ணத்துக்கு 476. ஏறக்குறைய கால் பங்கு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எங்கள் வீட்டில் இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. பொட்டலம் சொல்வதை நம்பிச் சாப்பிடுவதா, எல்லாவற்றையும் நிறுத்துப் போடுவதா என்ற கேள்வி அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது. இரண்டையும் சில வாரம் செய்து பார்த்ததில், இரண்டிலுமே பாதிதான் தேறும் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் பொட்டலம். ‘பரிமாறும் அளவு’ என்றதும் யாரோ ஒரு மருத்துவர் ‘இவ்வளவு சாப்பிடுங்கள்’ என்று எழுதித் தந்த சீட்டு போலப் படிக்கிறோம். அது அறிவுரையே இல்லை. இந்த முறைக்கு விரிவான சட்ட வடிவம் கொடுத்த அமெரிக்காவில், 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மக்கள் ஒரு தடவையில் வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்களோ அதுதான் பரிமாறும் அளவு. அதனால்தான் 2016-இல் விதியைத் திருத்தியபோது சோடாவின் அளவை 8 அவுன்சிலிருந்து 12-ஆகவும், ஐஸ்கிரீமை அரைக் கப்பிலிருந்து மூன்றில் இரண்டு கப்பாகவும் உயர்த்தினார்கள். ஐஸ்கிரீம் திடீரென உடம்புக்கு நல்லதாகிவிடவில்லை. ஜனங்கள் அதிகம் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நம் ஊரில் அந்த அளவை லேபிளில் வரையறுப்பது பெரும்பாலும் தயாரிப்பவரே. விற்கிறவர் கையில் அளவுகோல் இருந்தால் அது எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லத் தேவையில்லை. பரிமாறல் சிறுத்தால் சதவீதமும் சிறுக்கும்.

இந்த வித்தையின் உச்சம் டிக் டாக் மிட்டாய். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் ‘0’ என்று எழுதலாம். ஒரு மிட்டாயின் எடை 0.49 கிராம், ஒரு பரிமாறல் என்பது ஒரு மிட்டாய். பெரும்பகுதி சர்க்கரையாலேயே ஆன பண்டத்தின் லேபிளில் சர்க்கரை பூஜ்யம்! சட்டமீறல் இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. டப்பாவைக் காலி செய்கிறவருக்குத்தான் அந்தப் பூஜ்யம் உதவாது.

இத்தனை சொன்னாலும் லேபிளைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. அதே சதுரத்துக்குள் நேர்மையான ஒரு வரி இருக்கிறது: ‘100 கிராமுக்கு’. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, சத்து விவரத்தை 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ, ஒரே தடவையில் தீரும் பொட்டலமானால் அந்தப் பொட்டலத்துக்கோ தர வேண்டும். இந்த வரியில் தயாரிப்பாளர் பரிமாறலைச் சுருக்கி ஒளிய முடியாது. இரண்டு பிராண்டு ஓட்ஸை, இரண்டு ஊறுகாயை அருகருகே வைத்து உப்பையும் சர்க்கரையையும் ஒப்பிட இதைவிட நல்ல கருவி இல்லை. நிகர எடையும் ஓரளவு நம்பத்தக்கதே. 100 கிராம் பொட்டலத்தில் எடை குறைய எடையளவுச் சட்ட விதிகள் அனுமதிக்கும் பிழை 4.5 கிராம்தான். மிக்சரில் அப்பாவின் கை செய்த 55 கிராம் பிழைக்கு முன் இது தூசு.

சுருக்கமாக, 100 கிராம் வரி பண்டத்தைப் பற்றிப் பேசுகிறது. பரிமாறல் வரி நம்மைப் பற்றிப் பேசுவதாகப் பாவனை செய்கிறது. முதலாவதை நம்பலாம். இரண்டாவதை எழுதியவர் நம்மைப் பார்த்ததே இல்லை.

இனி தராசு. அதன் முதல் பலம், அது நம் பொய்யைப் பிடித்துவிடும். நாம் வேண்டுமென்று சொல்லும் பொய் அன்று, தெரியாமலே சொல்வது. நியூயார்க்கில் ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை’ என்றவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, கோளாறு கண்மதிப்பில்.

எங்கள் வீட்டில் கண்மதிப்பு தோற்ற இடம் எண்ணெய். தோசை வார்க்கும் முன் எண்ணெய்க் குப்பியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அம்மா நான்கு தோசை வார்த்து முடித்ததும் மறுபடி வைத்தேன். 31 கிராம் குறைந்திருந்தது. “சுத்தி ஒரு சொட்டு விட்டேன், அவ்வளவுதானே” என்றார் அம்மா. அந்தச் சொட்டுகள் 279 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்குமான எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். வேர்க்கடலை, முந்திரி, நெய், வெல்லம் எல்லாம் இந்தச் சாதிதான். கொஞ்சம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் தெரியும். இங்கெல்லாம் தராசுக்கு ஈடு இல்லை.

ஆனால் தராசு நம் சமையலறையில் சீக்கிரமே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. பாலாடைக்கட்டித் துண்டையும் கோழித் துண்டையும் தனித்தனியாகத் தட்டில் வைக்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். சாம்பாரை எப்படி நிறுப்பது? அடியில் பருப்பு, நடுவில் முருங்கைக்காய், மேலே தெளிவு. முதல் கரண்டி வாங்குபவருக்கும் கடைசிக் கரண்டி வாங்குபவருக்கும் எடை ஒன்றே, உணவு ஒன்றில்லை. அவியல், குருமா, கலந்த சாதம் எல்லாவற்றுக்கும் இதே கதி.

சாதத்திலேயே தராசு ஏமாறுகிறது. தண்ணீர் இரண்டு மடங்கு வைத்தால் 100 கிராம் அரிசி ஏறத்தாழ 300 கிராம் சாதமாகிறது. குழைய வேண்டும் என்று மூன்று மடங்கு வைத்தால் 400-ஐ நெருங்குகிறது. அப்படியானால் தட்டில் 150 கிராம் என்று காட்டும் சாதத்துக்குள் ஒரு நாள் 50 கிராம் அரிசி, இன்னொரு நாள் 38 கிராம்தான். புது அரிசி, பழைய அரிசி, வடித்தது, குக்கரில் வைத்தது என்று வித்தியாசம் இன்னும் விரியும். தராசு கிராமைத் துல்லியமாகச் சொல்கிறது. எதன் கிராம் என்று சொல்வதில்லை, பெரும்பகுதி தண்ணீர்.

துல்லியத்தின் மயக்கம் இத்துடன் முடியவில்லை. லேபிளில் உள்ள கலோரி எண்களின் அடிப்படை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் வகுத்த பெருக்கல் முறை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. பாதாமை இந்தக் கணக்கில் போட்டால் 28 கிராமுக்கு 170 கலோரிக்கு அருகில் வரும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது உடம்புக்குக் கிடைத்தது 129 மட்டுமே. முழுப் பருப்பின் செல்சுவருக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. மேலும் அமெரிக்க விதியில், அறிவித்ததைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடினாலும் லேபிள் செல்லும். எண்ணே இவ்வளவு ஆடும்போது 28-க்கும் 29-க்கும் இடையில் ஒரு பாதாமைத் திருப்பி டப்பாவில் போடுவதில் பொருளில்லை.

கடைசியாக, எந்த ஊட்டச்சத்து அட்டவணையிலும் இல்லாத ஒரு விலை. இரண்டாம் வாரம் அப்பாவின் தட்டைத் தராசில் வைத்தபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “சோத்தை நிறுத்துப் போடற வீடாயிடுச்சா இது?” என்றார். யோசித்துப் பார்த்தால் அம்மாவின் கோபத்தில் ஒரு மரபு இருக்கிறது. நம் வீடுகளில் அளவு இல்லாமல் இருந்ததே இல்லை. அரிசிப் பானைக்குள் ஆழாக்கு கிடந்தது. தலைக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் கூட ஒன்று. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில் வீட்டின் மாதக் கணக்கே அடங்கியிருந்தது. ஆனால் அந்த அளவு உலையில் போடும் வரைக்கும்தான். இலைக்கு வந்த பிறகு அளந்தால் அதற்குப் பெயர் கஞ்சத்தனம். தினமும் மூன்று வேளை தட்டை நிறுப்பது, பரிமாறுகிறவரைக் கணக்குப்பிள்ளையாகவும் சாப்பிடுகிறவரைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிடுகிறது. உணவைக் குறித்து ஏற்கெனவே பயமும் குற்றவுணர்வும் உள்ளவர்களிடம், குறிப்பாக இளவயதினரிடம், இந்தப் பழக்கம் நோயாகவே முற்றக்கூடும்.

எனக்குக் கிடைத்த வழி அந்த ஆழாக்கிலிருந்துதான் வந்தது. ஐசிஎம்ஆர் வழிகாட்டியும் தானியம் 250 கிராம், பருப்பு முதலியவை 85, காய்கறி 400 என்று பச்சையாக உள்ள எடையைத்தான் சொல்கிறது. ஆக, நிறுக்க வேண்டிய இடம் அரிசிப் பானை, தட்டு இல்லை. எங்கள் வீட்டு ஆழாக்கு தலைதட்டி 140 கிராம் பிடிக்கிறது. இதை ஒரு தடவை நிறுத்துத் தெரிந்துகொண்டால் போதும். பிறகு ஆழாக்கே தராசு. எண்ணெய்க்கு இதுவும் வேண்டாம். 27 கிராம் என்பது ஆளுக்கு மாதம் சுமார் 900 மில்லி. மூன்று பேருக்கு, நெய்யும் சேர்த்து, இரண்டே முக்கால் லிட்டருக்குள். மளிகைப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

‘மதியம் ஒரு கப் சாதம்’ என்று அப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கப் என்று யாரும் கேட்கவில்லை. 240 மில்லி அளவுக் கப்பில் உதிரியாகப் போட்டால் 160 கிராம், அமுக்கினால் 220, அப்பா ‘கப்’ என்று நம்பிக்கொண்டிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் 260. எங்கள் சாதக்கரண்டியை நிறுத்தேன், 80 கிராம். இரண்டு கரண்டி என்று முடிவாயிற்று. குக்கருக்குத் தண்ணீர் அளவையும் மாற்றாமல் வைத்துக்கொண்டோம். மிக்சருக்கு ஒரு சின்னக் கிண்ணம். அதில் 40 கிராம் பிடிக்கும். லேபிளின் 30-க்கும் அப்பாவின் 85-க்கும் இடையில் ஏற்பட்ட சமாதானம் அது.

இந்த வழி எல்லோருக்கும் போதாது. சாப்பாட்டின் மாவுச்சத்தை எண்ணி இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கும், பொட்டாசியத்துக்கும் உப்புக்கும் கணக்கு வைத்தாக வேண்டிய சிறுநீரக நோயாளிக்கும் தராசு தொடர்ந்து தேவைப்படலாம். அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே சட்டம். மற்றவர்களுக்கு மூன்று வாரம் போதும் என்பது என் அனுபவம். வாங்கியதும் தராசையே ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. பத்து 10 ரூபாய் நாணயங்களை வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். ஒரு கிராம் படிக்கட்டில் ஏறும் மலிவுத் தராசில் உப்பை நிறுக்க முயல வேண்டாம். இரண்டு கிராமை அது மூன்று என்றும் சொல்லும்.

நான்காம் வாரம் தராசு பரணுக்குப் போயிற்று. அப்பா இப்போது தானே “ரெண்டு கரண்டி” என்கிறார். மூன்றாவது கரண்டியுடன் அம்மா நிற்கும் நாளும் உண்டு. அதை அப்பாவும் மறுப்பதில்லை. போன வாரம் சாதக்கரண்டியின் காம்பு உடைந்தது. பாத்திரக் கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்த அம்மா, பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழி கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது. பரணைக் காட்டி, “அதை எடு, இது எவ்வளவு பிடிக்குதுன்னு பாத்துடலாம்” என்றார். 95 கிராம். கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.