மறுகா அவன் எங்க படுத்த?

ஜூன் 12 அன்று மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவு நினைவுத்தூபியில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு பெத்தா தன் பேரனுக்கு 1991இன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆமி வந்தது, மில்லுக்குள் ஒளித்த சனங்கள் செத்தது, ஒரு பொடியன் வயலுக்குள்ளால் ஓடித் தப்பியது. எல்லாம் கேட்ட பேரன் ஒன்றுதான் கேட்டான்: “மறுகா அவன் ராவு எங்க படுத்த?” பெத்தா பேசாமல் நடந்தார்.

சிறுவர் வரலாற்றுப் புனைகதை பிழைப்பதே இந்த மாதிரிக் கேள்வியால்தான். யூத இனப்படுகொலையைப் பற்றி எழுந்த நூல்களில் லோயிஸ் லௌரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ (1989) இதை நன்றாக அறிந்த நாவல். 1943இல் டென்மார்க்கின் மீன்பிடி வள்ளங்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சுவீடனுக்குக் கடத்திய வரலாறு அதன் பின்னணி. ஆனால் நாம் காண்பது பத்து வயது ஆன்மேரியின் கையிலுள்ள சாப்பாட்டுக் கூடையை மட்டும். பாணுக்கும் சீஸுக்கும் அடியில் ஒரு பொதி. அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. நாய்களோடு மறித்த சிப்பாய்களுக்கு முன்னால் ஒன்றுமறியாத தன் தங்கச்சியைப் போல நடித்து அழுகிறாள். துணிவு அவ்வளவுதான், ஒரு வீர வசனம்கூட இல்லை.

ஜோன் பொய்னின் ‘த போய் இன் த ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்’ (2006) இதைவிடப் பெரும் புகழ் பெற்றது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முகாம் தளபதியின் மகனுக்காக நம்மை அழவைத்துவிட்டு, கம்பிக்கு அப்பாலிருந்த யூதப் பிள்ளையைத் துணைப்பாத்திரம் ஆக்கிவிடுகிறது. இந்த வரலாற்றைக் கற்போர் அதைத் தவிர்ப்பது நல்லதென்று அவுஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொன்னது.

நம் பக்கம்? தமிழகச் சிறுவர் நாவல் கீழடிவரை போய்வந்துவிட்டது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு 2023இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. ஈழப் போரை எழுதியவர்களோ பெரும்பாலும் பெரியவர்களுக்கே எழுதினார்கள். சிறுவன் கதைசொல்லும் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ (1994)கூடப் பெரியவர்களின் அலுமாரிப் புத்தகம்தான். விதிவிலக்காக நினைவுக்கு வருவது மைக் மாசிலாமணியின் ‘த போய் ஹூ ஸ்பீக்ஸ் இன் நம்பர்ஸ்’ (2015, தாரா புக்ஸ், சென்னை). மனிதர்களைவிட எண்களை எளிதாக விளங்கிக்கொள்ளும் ஒரு பொடியனின் போர்க்காலம். ஆங்கிலத்தில் இருக்கிறது, என்ன செய்ய. கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்கு அவனைப் பிடித்துப்போகும்: 1991இல் செத்தவர்கள் ஊர்க்கணக்கில் 152, அரச ஆணைக்குழுவின் கணக்கில் 67. இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் இங்கே உண்டு.

தமிழ், முஸ்லிம் பிள்ளைகளின் நட்பைப் பற்றி எழுதுவது போரை எழுதுவதைவிடக் கடினம். டென்மார்க்கில் துவக்கோடு நின்றவன் அந்நியன். ஆன்மேரி தன் வீட்டாரை நம்பலாம். இங்கே 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டவர்கள் புலிகள், நம் பொடியன்கள். அடுத்த மாதம் 9ஆந் தேதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள் வெட்டுண்டார்கள். காத்தான்குடித் தோழியை ஒளித்துவைக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தமிழ்ப் பிள்ளையை எழுத வருபவர், அந்தத் தோழி யாருக்குப் பயந்து ஒளித்தாள் என்பதையும் எழுதவேண்டி வரும். பேனா அங்கேதான் நிற்கிறது.

பிள்ளைகள் அப்படி நிற்கவில்லை. 1996இல் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாயிருந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள்.

அந்த இரண்டு தோழியரின் நாவலை எழுதுபவர் வாவிக்கரையில், மண்முனைத்துறையில் தொடங்கலாம். 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைதான், வாவியைக் கடக்கும் மிதவை. கிழக்கே எழுவான்கரைக்குப் போக நெல்மூட்டையும் சைக்கிளும் ஏற்றியாயிற்று. பலகையில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி முக்காட்டோடு, மற்றவள் நெற்றியில் திருநீறோடு. பாதை இன்னும் வெளிக்கிடவில்லை.