பாதிரியாரும் வாட்ஸப்பும்

திருச்செந்தூர் போகிறவர்கள் வழியில் புன்னைக்காயலையும் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். இந்த முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். வந்தது மதம் பரப்பத்தான், அதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் துபாஷியை வைத்துக் காலம் தள்ளாமல் தமிழ் கற்றார், இலக்கணம்கூட எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம்.

இப்போது கரையிறங்கியிருக்கும் இன்டர்நெட் கம்பெனிகளும் தமிழ் பேசுகின்றன. பட்டனில் தமிழ், மெனுவில் தமிழ். (சில மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் பதினாறாம் நூற்றாண்டே தேவலை.) ஊர் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

2018 மே மாதம் ஞாபகமிருக்கிறதா? பிள்ளைபிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றிய புரளியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். 23-ம் தேதி தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டையே நிறுத்தியது அரசு. வதந்தி பரவக்கூடாதாம். உண்மையும் அதே வழியில்தானே சார் வரவேண்டும்?

வாட்ஸப் விழித்தது ஜூலையில். இன்னும் பல மாநிலங்களில் உயிர்கள் போய், மத்திய அரசு அதட்டிய பிறகு, ஒரு செய்தியை ஐந்து சாட்டுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி இந்தியாவுக்கு வரம்பு வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் உலகத்துக்கே அதை வைத்தார்கள். 'செய்தியை நாங்களே படிக்க முடியாது, பூட்டியிருக்கிறது' என்பது அவர்கள் வாதம். நியாயம். பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. ஃபார்வர்டு பட்டனைச் சுருக்க எதையும் படிக்க வேண்டியதில்லையே! அதை மே மாதத்துக்கு முன் யோசிக்க, இங்கே கிராமத்தில் புரளி எப்படி ஓடும் என்று அறிந்த ஓர் ஆள் போதும்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லும் விளம்பரங்களுக்கு 1994-ம் வருடச் சட்டத்திலேயே தடை. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடலில் அவை வருவதாக சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது 2008-ல். தானாகவே தடுக்க மூவரும் ஒப்புக்கொண்டது 2016-ல். எதைக் கேட்டாலும் அரை வினாடியில் விடை தருகிறவர்கள்!

புகார் கேட்கும் அதிகாரி இந்தியாவிலேயே குடியிருக்கவேண்டும் என்று பெரிய சமூக வலைக் கம்பெனிகளுக்கு 2021-ல் நாம் விதி போட வேண்டியிருந்தது. ஹென்ரிக்கஸ் 1600-ல் காலமானார். அடக்கம் செய்தது தூத்துக்குடியில்.